பட்டறைக் கேள்வி-பதில்: கேட் மென்பொருளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

இம்மாதக் கடிதங்கள் பெரும்பாலும் கேட் (CAD) எனப்படும் மெக்கானிக்கல் டிசைன் மென்பொருளைச் சுற்றியே வந்தன. விலையையும் உரிம விதிகளையும் நிறுவனங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றும். பதிவிறக்கும் அன்று உரிமப் பக்கத்தை நீங்களே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று பேர் வேலை பார்க்கும் சிறிய மெஷினிங் பட்டறை. பம்ப் பாகங்கள்தான் பிழைப்பு. இதுவரை பழைய ஆட்டோகேடில் 2டி போட்டு ஓட்டிவிட்டோம். இப்போது பார்ட்டிகள் ஸ்டெப் ஃபைல் (3டி மென்பொருள்களுக்கு இடையே பரிமாறும் பொது வடிவம்) அனுப்புகிறார்கள், திருத்தத்தையும் 3டியிலேயே கேட்கிறார்கள். கையில் ஐம்பதாயிரம் இருக்கிறது. எதை வாங்குவது?
– பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை

பதில்: இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள். உங்கள் பட்டறையை விட்டு வெளியே போகிற ஃபைல்கள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அநேகமாக மூன்றுதான் வரும்: பார்ட்டிக்கு ஸ்டெப், மெஷின் ஓட்டுபவருக்கு அளவிட்ட டிராயிங், தகடு வெட்டக் கொடுத்தால் டிஎக்ஸ்எஃப் என்ற 2டி கோட்டு ஃபைல். இந்த மூன்றையும் ஃப்ரீகேட் செய்யும். அது திறந்த மூல மென்பொருள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தத் தடையில்லை, எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம், ஃபைலில் முத்திரை எதுவும் விழாது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து, பாகங்களை ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் அசெம்பிளி வசதியும் உள்ளேயே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பை யாராவது பென்டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டெப் ஃபைலில் வடிவம் மட்டும்தான் இருக்கும், அதை எந்த வரிசையில் வரைந்தார்கள் என்ற வரலாறு இருக்காது. எனவே பார்ட்டி அனுப்பிய, பம்பின் சுருள் வடிவக் கூடான வால்யூட் கேசிங்கைத் திறந்து "இந்தத் துளையை 12 ஆக்கு" என்று ஓர் எண்ணை மாற்ற முடியாது. அந்த உருவத்தைத் தேர்ந்தெடுத்து ஃப்ரீகேடின் பார்ட் டிசைன் பகுதியில் புது பாடி (ஒரு பாகத்தின் வேலைகளைத் தாங்கும் தொகுப்பு) உருவாக்கினால் அது அடிப்படை உருவமாக உட்காரும். அதன் மேல் வெட்டலாம், சேர்க்கலாம், துளை போடலாம். வார்ப்புப் பாகங்களின் நெளிந்த பரப்புகளில் ஃபில்லட் (விளிம்பை உருட்டுவது) கேட்டால் ஃப்ரீகேட் அடிக்கடி மறுக்கும். காரணம் அதன் அடியில் ஓடும் ஓப்பன்கேஸ்கேட் என்ற வடிவக் கணக்குப் பொறி. சாலிட் எட்ஜ், சாலிட்வொர்க்ஸ், ஆன்ஷேப் என்ற மற்ற மூன்று கேட் மென்பொருள்களும் பாராசாலிட் பொறியில் ஓடுகின்றன, அது இந்த இடத்தில் பலசாலி. நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்ட அசெம்பிளியிலும் ஃப்ரீகேட் திணறும்.

ஆகவே சோதித்துப் பாருங்கள். சென்ற மாதம் உண்மையில் செய்த மூன்று ஜாப்களை எடுங்கள்: ஒரு ஷாஃப்ட், ஒரு வார்ப்பு, ஒரு தகட்டு வேலை. மூன்றையும் வரைந்து, டிராயிங் போட்டு, ஸ்டெப்பாக ஏற்றுமதி செய்து, திரும்பத் திறந்து கன அளவைப் பாருங்கள். கிரே காஸ்ட் அயர்ன் என்றால் கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம் வீதம் பெருக்கி, பார்ட்டி டிராயிங்கில் போட்டிருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள். பெரிதாக இடித்தால் எங்கோ ஒரு பரப்பு கிழிந்திருக்கலாம். பார்ட் பகுதியிலுள்ள 'செக் ஜியாமெட்ரி' அதைக் காட்டிக்கொடுக்கும்.

வார்ப்பில் மட்டும் தோற்றால் ஒரே ஒருவருக்கான உரிமத்துக்குப் பணம் கட்டுங்கள், மூன்று பேருக்கும் வேண்டாம். ஒருமுறை கட்டினால் நிரந்தர உரிமம் தரும் அலிப்ரே போன்றவற்றை முதலில் பாருங்கள். அதன் சிறிய பதிப்பான ஆட்டம் 3டியில் ஷீட் மெட்டல் கிடையாது என்பதைக் கவனிக்கவும். ஆண்டுச் சந்தா என்றால் விலையை ஐந்தால் பெருக்கி, 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்த தொகையைத்தான் 'விலை' என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோடெஸ்க் 2016லேயே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது. இப்போது "ஆயுள் உரிமம், பாதி விலை" என்று யாராவது ஆட்டோகேட் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2டிக்கு க்யூகேட் போதும். பதிவிறக்கும்போது தொழில்முறைப் பதிப்பின் சோதனை வடிவமும் சேர்ந்து வரும். அந்தக் கூடுதல் பகுதியை நீக்கினால் எஞ்சுவது இலவசப் பதிப்பு, அது டிஎக்ஸ்எஃப் மட்டும் படிக்கும். ஆட்டோகேடின் பழைய டிடபிள்யூஜி ஃபைல்கள் பீரோ நிறைய இருக்கிறதென்றால் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தொழில்முறைப் பதிப்பையே வாங்கிவிடலாம்.

கேள்வி: ஆட்டோடெஸ்கின் ஃப்யூஷன் இலவசப் பதிப்பில் வரைந்த சைக்கிள் ஸ்டாண்டை ஆர்டர் பிடித்து விற்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கூடாது. தனிநபர் உரிமம் வீட்டில் செய்யும், வணிகமல்லாத வேலைக்கு. ஆண்டு வருமானம் 1,000 டாலருக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ஃபைல்கள் 10 மட்டுமே. சிஎன்சி ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: இலவசப் பதிப்பு எழுதும் நிரலில் வேக நகர்வு இருக்காது. கட்டர் காற்றில் நகரும்போதும் வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து போகும். தானியங்கி டூல் மாற்றமும் கிடையாது.

இதே மாதிரிதான் மற்றவையும். சாலிட்வொர்க்ஸ் மேக்கர்ஸ் பதிப்பில் சம்பாத்தியத்துக்கு 2,000 டாலர் வரம்பு. சாலிட் எட்ஜ் கம்யூனிட்டி பதிப்பு வணிகத்துக்கே இல்லை, டிராயிங்கில் அதன் பெயரும் அச்சாகும். இவை இரண்டிலும் சேமித்த ஃபைலை அதே நிறுவனத்தின் வணிகப் பதிப்பு திறக்காது. நாளைக்குப் பணம் கட்டி மாறிக்கொள்ளலாம் என்று நினைத்துத் தொடங்குபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கேள்வி: ஃப்ரீகேடில் ஒரு பிராக்கெட் வரைந்தேன். அடித்தகட்டின் நீளத்தை 80லிருந்து 95 ஆக மாற்றியதும் மேலே இருந்த துளை பக்கவாட்டுக்குத் தாவிவிட்டது, ஃபில்லட் வேறு விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டது. மென்பொருள் கோளாறா, என் தவறா?
– டிசைன் பயிற்சியாளர், ஓசூர்

பதில்: இரண்டும். உருவத்தின் ஒவ்வொரு முகத்துக்கும் விளிம்புக்கும் மென்பொருள் தானாக ஒரு எண் வைக்கிறது: முகம் 6, விளிம்பு 12 என்று. நீங்கள் துளைக்கான ஸ்கெட்சை 'முகம் 6' மேல் ஒட்டினீர்கள். பின்னர் அடியில் ஏதோ மாறி உருவம் புதிதாகக் கணக்கிடப்பட்டபோது எண்கள் வரிசை மாறின. முகம் 6 என்ற பெயர் இப்போது பக்கவாட்டுக்குப் போய்விட்டது. துளை பெயரைத் தேடிப் போய்விட்டது, இடத்தைத் தேடவில்லை. 1.0 பதிப்பில் இதை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள், முழுவதும் ஒழியவில்லை. பழைய பதிப்பில் தொடங்கிய ஃபைலைப் புதியதில் திறந்தால் உடைந்த இணைப்பு தானாகச் சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

வரையும் முறையை இப்படி மாற்றுங்கள்.

ஸ்கெட்சை உருவத்தின் முகத்தில் ஒட்ட வேண்டாம். பாடியின் ஒரிஜினில் (தொடக்கப் புள்ளியில்) இருக்கும் மூன்று தளங்களில் ஒன்றில் ஒட்டி, வேண்டிய உயரத்தை ஆஃப்செட்டாகக் கொடுங்கள். அந்தத் தளங்களுக்குப் பெயர் ஒருபோதும் மாறாது. அடித்தகடு 8 மி.மீ. தடிமன் என்றால் மேல் துளையின் ஸ்கெட்சும் 8 மி.மீ. ஆஃப்செட்டில் இருக்கும். அந்த 8ஐ இரண்டு இடத்தில் தட்டக்கூடாது. ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று சேர்த்து, ஒரு கட்டத்தில் 8 மி.மீ. என்று போட்டு, அந்தக் கட்டத்துக்குத் 'தடிமன்' என்ற பொருளில் ஒரு மாற்றுப்பெயர் வையுங்கள். இரண்டு இடத்திலும் அந்தப் பெயரையே அழையுங்கள். மாற்றுப்பெயராக அலகுகளின் பெயரை வைத்தால் ஏற்காது. நீளம் (length) என்பதற்கு l என்ற ஒற்றை எழுத்தை வைக்கப்போய்ப் பலர் முழிப்பது, அது லிட்டரின் குறி என்பதால்தான்.

ஃபில்லட்டும் சேம்ஃபரும் (விளிம்பைச் சாய்வாகச் சீவுவது) எப்போதும் கடைசி. ஃபில்லட் போட்ட விளிம்பைப் பிடித்து அடுத்த ஸ்கெட்சுக்கு அளவு எடுத்தால் நீங்களே குழி வெட்டிக்கொள்கிறீர்கள். ஸ்கெட்ச் முழுக்கக் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சையாகும். பச்சையாகாமல் வெளியே வராதீர்கள். ஃபிளாஞ்சில் எட்டுத் துளை வேண்டுமென்றால் எட்டு வட்டம் வரையாமல் ஒரு துளை போட்டு, வட்டமாக நகலெடுக்கும் போலார் பேட்டர்னில் எட்டாக்குங்கள். துளைக் கருவியில் மரையை உண்மையான உருவமாக வரையும் வசதி ஒன்று உண்டு, ஆசைப்பட்டு அதை இயக்காதீர்கள். எம்8 துளை பத்து இருந்தாலே ஃபைல் ஆமையாகிவிடும். மெஷினில் எப்படியும் 6.8 டிரில் போட்டு டேப் அடிக்கத்தான் போகிறார்கள்.

'ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்கள்' என்ற பிழை வந்தால், புதிதாக எழுப்பிய பகுதி பழையதைத் தொடவில்லை என்று பொருள். ஒரு பாடியில் ஒட்டிய ஒரே உருவம்தான் இருக்க வேண்டும் என்பது அதன் வழக்கமான விதி. அரை மி.மீ. உள்ளே தள்ளி வரைந்தால் போய்விடும்.

கேள்வி: 2 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) தகட்டில் எல் பிராக்கெட். வெளி அளவு 50க்கு 30. ஃப்ரீகேட் ஷீட்மெட்டலில் விரித்து டிஎக்ஸ்எஃப் கொடுத்தோம். பெண்ட் செய்த பிறகு மொத்தத்தில் 0.7 மி.மீ. குறைகிறது. இன்னொரு முறை லேசர்காரர் "உங்கள் பீஸ் கடுகு சைஸில் வருகிறதே" என்று சிரித்தார். எங்கே தப்பு?
– ஃபேப்ரிகேஷன் பிரிவு, அம்பத்தூர்

பதில்: அந்த 0.7 எங்கிருந்து வந்தது என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். தகடு வளையும்போது உள்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். நடுவே எங்கோ ஒரு கோடு நீளம் மாறாமல் இருக்கும். அந்தக் கோடு உள்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தூரத்தில் இருக்கிறது என்பதே கே-ஃபேக்டர். ஷீட்மெட்டல் துணைக்கருவி இதை ஆன்சி (அமெரிக்கத் தரம்), டின் (ஜெர்மன் தரம்) என்று இரண்டு முறைகளில் கேட்கும். டின் முறையின் எண் ஆன்சி எண்ணைப் போல இரு மடங்கு. ஆன்சி 0.44ஐ டின் என்று தேர்ந்த இடத்தில் தட்டினால் மென்பொருள் அதை 0.22 என்றே எடுத்துக்கொள்ளும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உள் வளைவு ஆரம் 2, தடிமன் 2, வளைவு 90 பாகை. வளைவுக்குச் செலவாகும் நீளம் = 1.5708 × (ஆரம் + கே × தடிமன்). கே 0.44 என்றால் 1.5708 × 2.88 = 4.52. நேர்ப்பகுதிகள் 50லிருந்து 4 போக 46, 30லிருந்து 4 போக 26. விரித்த நீளம் 76.52. கே 0.22 என்றால் வளைவு 3.83, விரித்த நீளம் 75.83. வித்தியாசம் 0.69. உங்கள் 0.7 அதுதான்.

ஆனால் 0.44 என்பதும் வேதவாக்கல்ல. பெண்டிங் கடையில் தகட்டை வைத்து அழுத்தும் அச்சான டையைப் பொறுத்தது. காற்றில் வளைக்கும்போது எம்எஸ் தகட்டின் உள் ஆரம் வி-டையின் வாய் அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. வாய் 16 மி.மீ. என்றால் ஆரம் 2.6 பக்கம் வரும், நீங்கள் நினைத்த 2 வராது. சோதனைத் துண்டு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் தகடு கூட ஆகாது: சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நடுவில் 90 பாகை வளைத்து, இரண்டு காலின் வெளி அளவையும் வெர்னியரில் எடுத்துக் கூட்டுங்கள். 100லிருந்து அந்தக் கூட்டுத்தொகையைக் கழித்து, தடிமனையும் ஆரத்தையும் கூட்டி இரு மடங்காக்கிச் சேர்த்தால் வளைவு நீளம் கிடைக்கும். கூட்டுத்தொகை 103.48 வந்தால்: 100 − 103.48 + 8 = 4.52. அதை 1.5708ஆல் வகுத்து, ஆரத்தைக் கழித்து, தடிமனால் வகுத்தால் கே. ஆரத்தை நீங்கள் சற்றுத் தப்பாக ஊகித்திருந்தாலும், 90 பாகை வளைவுக்கு, வரையும்போதும் அதே ஆரத்தைப் போட்டால் விரித்த நீளம் சரியாகவே வரும். கடை, டை, தகட்டின் தடிமன் மூன்றில் எது மாறினாலும் புதுத் துண்டு வளைக்க வேண்டும்.

கடுகு சைஸ் விவகாரம் வேறு. டிஎக்ஸ்எஃப் ஃபைலில் அடிப்படையில் வெறும் எண்கள்தான். அலகு என்ன என்று தலைப்பில் ஒரு குறிப்பு இருக்கலாம், லேசர் மென்பொருள் அதை மதிக்காமலும் போகலாம். அங்குலத்தில் எழுதிய 100 மி.மீ. பாகம் 3.937 என்று பதிவாகும், எதிர்முனை அதை மி.மீ. என்று படித்தால் கடுகுதான். தலைகீழாக நடந்தால் 2,540 மி.மீ. வரும். வாட்ஸாப்பில் ஃபைல் அனுப்பும்போது ஃபைல் பெயரிலேயே தகடு, தடிமன், எண்ணிக்கை, மொத்த நீள அகலம் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். திறந்தவுடன் அவருக்கே பொருந்தவில்லை என்று தெரியும்.

அதோடு, பெண்ட் கோட்டைத் தனி லேயரில் வைத்து "வெட்ட வேண்டாம்" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிராக்கெட் இரண்டு துண்டாக வரும். ஒன்றன் மேல் ஒன்றாக இரட்டைக் கோடு இருந்தால் லேசர் இரண்டு முறை ஓடும், காசும் இரண்டு முறை. லேசர் கதிரின் அகலத்துக்காக நீங்களாக எதையும் கூட்டாதீர்கள், கடைக்காரர் கூட்டிக்கொள்வார்.

கேள்வி: கிராக் செய்த சாலிட்வொர்க்ஸ் எல்லோரும்தான் வைத்திருக்கிறார்கள். சின்னக் கடையை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?
– பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. வியாபாரத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு, கடைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. கிராக்கோடு வரும் வைரஸ் அந்தக் கம்ப்யூட்டரிலுள்ள பார்ட்டி டிராயிங்குகளைப் பூட்டிவிட்டால் சட்டத்துக்கு வேலையே இல்லாமல் கடை நின்றுவிடும்.

கேள்வி: நிரல் எழுதி வரையும் ஓப்பன்எஸ்கேடில் 608 பேரிங்குக்கு 22 மி.மீ. துளை வைத்து 3டி பிரிண்ட் எடுத்தேன். பேரிங் உள்ளே போகவே இல்லை. அதே எஸ்டிஎல் ஃபைலை லேத்காரரிடம் கொடுத்தால் "இது எனக்கு உதவாது" என்கிறார்.
– மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: ஓப்பன்எஸ்கேடில் வட்டம் என்று ஒன்று இல்லை, பலகோணம்தான். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 22 மி.மீ. வட்டத்துக்கு 30 பக்கம் போடும். மூலைகள் வட்டத்தின் மேல் இருக்கும், தட்டையான பக்கங்கள் உள்ளே தள்ளியிருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 21.88தான் கிடைக்கும். பிரிண்டரும் தன் பங்குக்குத் துளையைச் சுருக்கும். பக்கங்களின் எண்ணிக்கையை 128 ஆக்கினால் பலகோணப் பிழை 0.01 மி.மீ.க்குள் அடங்கிவிடும். பிறகு 22.1, 22.2, 22.3 என்று மூன்று மெல்லிய வளையங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துப் பேரிங்கைப் பொருத்திப் பாருங்கள். உங்கள் பிரிண்டருக்கும் அந்த ஃபிலமெண்டுக்கும் எது சரியோ அதைக் குறித்துவையுங்கள்.

லேத்காரர் சொல்வது நியாயம். எஸ்டிஎல் என்பது முக்கோணங்களின் மூட்டை, அதில் ஆரமும் இல்லை, மையமும் இல்லை, அலகும் இல்லை. அவருக்கு வேண்டியது 22 எச்7 என்று எழுதிய ஒரு தாள். எச்7 என்றால் 22.000க்கும் 22.021க்கும் நடுவே. சிஎன்சிக்கு ஸ்டெப் தேவைப்பட்டால் உங்கள் நிரலை ஃப்ரீகேடின் ஓப்பன்எஸ்கேட் பகுதியில் திறந்து மாற்றிக்கொள்ளலாம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வரைபவர்களும் லேத்காரருக்கு அளவு எழுதிய தாளைத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 8 ஜிபி பழைய லேப்டாப், இன்டர்நெட் வந்தால் உண்டு, மின்சாரமும் அப்படியே. என்ன போடலாம்?
– விவசாயக் கருவி செய்பவர், போடிநாயக்கனூர்

பதில்: ஆன்ஷேப் பிரவுசரில் ஓடுவதால் பழைய லேப்டாப்பில் சுகமாக இருக்கும், ஆனால் இன்டர்நெட் போனால் அதுவும் போச்சு. மேலும் அதன் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைவது எல்லாம் உலகமே பார்க்கும்படி இருக்கும், வணிகத்துக்கும் அனுமதி இல்லை. புதுக் களையெடுப்பானுக்குக் காப்புரிமை கேட்கும் எண்ணம் இருந்தால் அங்கே ஒரு கோடுகூட வரையாதீர்கள்.

ஃப்ரீகேட் போடுங்கள். சில டஜன் பாகங்களுக்கு 8 ஜிபி தாங்கும். காசு இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, அடுத்து 16 ஜிபி ராம், பிறகு நடுச்சக்கரம் உள்ள நல்ல மவுஸ். கிராஃபிக்ஸ் கார்டு அவசரமில்லை. பிரிஃபரன்சில் தானியங்கிச் சேமிப்பு 15 நிமிடம் என்று இருக்கும், 5 ஆக்குங்கள். காப்புப் பிரதி எண்ணிக்கை 1 என்பதையும் 5 ஆக்குங்கள். ஃபைல் கெட்டுப்போனால் காப்புப் பிரதியின் பெயர் முடிவை (புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) வழக்கமான ஃப்ரீகேட் முடிவாக மாற்றினால் திறந்துவிடும்.

கேள்வி: கல்லூரி மாணவன். மாணவர் உரிமத்தில் வரைந்ததைப் படிப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ள முடியுமா? அப்பாவின் பட்டறை வேலையையும் அதில் போடலாமா?
– இறுதியாண்டு மெக்கானிக்கல், திருச்சி

பதில்: இரண்டாவதற்குக் கூடாது, அப்பாவுக்கு ஃப்ரீகேட் போட்டுக்கொடுங்கள். முதலாவதற்கு: உரிமம் முடியும் முன் ஒவ்வொரு பாகத்தையும் ஸ்டெப்பாகவும், ஒவ்வொரு டிராயிங்கையும் பிடிஎஃப், டிஎக்ஸ்எஃப் இரண்டாகவும் எடுத்து வையுங்கள். வரைந்த வரலாறு போய்விடும், வடிவம் இருக்கும். நேர்காணலுக்குக் காட்ட அது போதும்.

கேள்வி: டிராயிங் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கீவே (ஷாஃப்ட்டில் சாவிக்கு வெட்டும் பள்ளம்) எதிர்ப்பக்கம் வெட்டி வந்துவிட்டது. இருபது பீஸ் வீண். யார் பொறுப்பு?
– ஜாப் ஒர்க் எடுப்பவர், ராணிப்பேட்டை

பதில்: தாளின் மூலையில், எந்தக் கோணத்தில் வரைந்தது என்று காட்டும், நுனி வெட்டிய கூம்புச் சின்னம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் நாட்டு வழக்கம் முதல் கோணம். மேலிருந்து பார்க்கும் தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், இடப்பக்கத் தோற்றம் வலது பக்கம் வரும். அமெரிக்கப் பார்ட்டிகள் அனுப்புவது மூன்றாம் கோணம், எல்லாம் தலைகீழ். ஃப்ரீகேடில் எடிட், பிரிஃபரன்சஸ், டெக்டிரா என்று போனால் எந்தக் கோணம் என்று தேர்ந்தெடுக்கலாம். சின்னம் இல்லாத தாளைக் கொடுத்தவர் மீதுதான் முதல் பொறுப்பு. அதைக் கேட்காமல் இருபதையும் ஒரே மூச்சில் வெட்டியவர், முதல் பீஸோடு நிறுத்திக் காட்டியிருக்கலாம்.